சமரசத்தின் மனோதத்துவம்

வாதத்தால் தீராத பகை எதனால் தீருகிறது? காம்ப் டேவிட் மலைவிடுதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற வளாகம் வரை ஒரு விசாரணை

அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில், கட்டாக்டின் மலைக்காட்டின் நடுவே, ஜனாதிபதிகளின் ஓய்வுக்கென அமைந்த காம்ப் டேவிட் விடுதிக்கு, 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி எகிப்திய ஜனாதிபதி அன்வர் சதாத்தும் இஸ்ரேலியப் பிரதமர் மெனாக்கெம் பெகினும் வந்து சேர்ந்தபோது, அவர்களுக்கிடையே மத்தியஸ்தம் செய்ய முன்வந்த ஜிம்மி கார்ட்டர், எல்லைக்கோடுகளையும் ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானங்களையும் மட்டுமின்றி, அவ்விரு மனிதர்களின் சுபாவத்தைப் பற்றிய ஆராய்ச்சிக் குறிப்புகளையும் படித்து முடித்திருந்தார். சி.ஐ.ஏ. ஸ்தாபனத்தில் உலகத் தலைவர்களின் மனப்போக்கை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவை ஏற்படுத்தி நடத்திவந்த ஜெரால்டு போஸ்ட் என்ற மனநல வைத்தியரின் குழு தயாரித்துக் கொடுத்த குறிப்புகள் அவை. சதாத் விஸ்தாரமான காட்சிகளில் மனம் செல்பவர், சரித்திரத்தில் தமக்குக் கிடைக்கப்போகும் ஸ்தானத்தை எண்ணுபவர், சில்லறை விவரங்களில் பொறுமையிழப்பவர்; பெகினோ சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்ப்பவர், ஷரத்துக்களிலும் வாசகங்களிலும் ஊன்றி நிற்பவர். இவ்விருவரையும் நேருக்கு நேர் உட்கார வைத்தால் ஒருவருடைய பேச்சு மற்றவருடைய காதில் ஏறுவது கடினம் என்பதை, அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே கார்ட்டர் தெரிந்துகொள்ள இடமிருந்தது.

மனத்தைப் பற்றிய இந்தக் கவலை கார்ட்டருக்கு மட்டும் உரியதன்று. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு, 1977 நவம்பரில், அரபு உலகம் முழுவதும் திகைத்து நிற்க, சதாத் ஜெருசலேமுக்குச் சென்று இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் பேசியபோது, இரு தேசங்களுக்கும் இடையே எழும்பி நிற்பது மனத்தின் சுவர் என்றும், பிரச்னையில் 70 சதவீதம் அதுவே என்றும் சொன்னார். அந்த 70 எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்பது வீண். முப்பது ஆண்டுகளில் நான்கு யுத்தங்களைக் கண்ட ஒரு தேசத்தின் தலைவர் தம் அனுபவத்திலிருந்து சொன்ன மதிப்பீடு அது. அதன் பின்னர் கழிந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், அந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை மனோதத்துவ நிபுணர்களும் மூளை விஞ்ஞானிகளும் சோதனைச் சாலைகளில் துருவிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவை மத்தியஸ்தர்களுக்குப் புதிய தந்திரம் எதையும் கற்றுக் கொடுத்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் நல்ல மத்தியஸ்தர்கள் காலங்காலமாகக் கைப்பழக்கத்தால் செய்துவந்தவை ஏன் பலித்தன என்பதையும், அவசரத்தில் நாம் செய்கிறவை ஏன் பலிப்பதில்லை என்பதையும் அவை தெளிவாக்கியிருக்கின்றன.

நேருக்கு நேர்

இருவரையும் ஊர் உலகத்தின் கண்ணுக்கு மறைவாக ஓரிடத்தில் வைத்துப் பேசவிட்டால், பழக்கத்தால் நம்பிக்கை பிறக்கும், நம்பிக்கையால் உடன்பாடு பிறக்கும் என்று கார்ட்டர் முதலில் எண்ணினார். குறிப்புகள் எச்சரித்தும் அந்த ஆசை அவரை விடவில்லை. 6-ஆம் தேதி சதாத் தம்முடைய கடுமையான கோரிக்கைப் பத்திரத்தை வாசித்தார். மறுநாள் பெகின் அதை ஒவ்வொரு வரியாக எடுத்து மறுத்தார். குரல்கள் உயர்ந்தன, மேசைமேல் கைகள் தட்டப்பட்டன, பழைய யுத்தங்களின் குற்றப்பத்திரிகைகள் மீண்டும் படிக்கப்பட்டன. அன்றைய சந்திப்பு முறிந்து இருவரும் எழுந்து புறப்பட்டபோது, கார்ட்டர் வாயிற்படிக்குச் சென்று குறுக்கே நின்று, தமக்கு இன்னொரு வாய்ப்பளிக்கும்படி மன்றாட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எஞ்சிய பத்து நாட்களும் அவ்விருவரையும் பேச்சுவார்த்தை மேசையில் அவர் எதிரெதிரே அமர்த்தவே இல்லை. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கெட்டிஸ்பர்க் யுத்தகளத்தைச் சுற்றிப் பார்க்க இருவரையும் அழைத்துச் சென்றதோடு சரி. மற்றபடி ஒரு விடுதியிலிருந்து மற்றொன்றுக்குக் காகிதத்தைச் சுமந்துகொண்டு நடந்தவர் கார்ட்டரும் அவருடைய ஆட்களும்தான்.

நேருக்கு நேர் பேசினால் தீரும் என்ற நம் பொதுவான நம்பிக்கை ஏன் இவ்வளவு அடிக்கடி பொய்க்கிறது? நியூயார்க் பல்கலைக்கழகத்து ஜோசப் லெடூ எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் இதற்கு ஒரு பகுதி விடை தருகின்றன. ஓர் ஒலியைக் கேட்கச் செய்து, உடனே சிறு மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினால், பின்னர் அந்த ஒலி மட்டும் கேட்டாலே எலி அசையாமல் உறைந்து நிற்கிறது. காதில் விழுந்த ஒலி, மூளையின் ஆழத்தில் பாதாம்பருப்பு வடிவில் அமைந்திருக்கும் அமிக்டலா என்ற பகுதிக்கு இரண்டு வழியாகச் சென்று சேர்கிறது என்று அவர் காட்டினார்: ஒன்று, ஒலியை நுணுக்கமாகப் பகுத்தறியும் புறணி வழியாகச் செல்லும் நீண்ட பாதை, மற்றொன்று அதைத் தவிர்த்துச் செல்லும் குறுக்குப் பாதை. குறுக்குப் பாதையில் செய்தி முந்திக்கொள்வதால், இன்னதென்று தெளிவதற்கு முன்பே உடல் தற்காப்புக்குத் தயாராகிவிடுகிறது. இத்துடன், யேல் பல்கலைக்கழகத்து ஏமி ஆர்ன்ஸ்டன் முதலியோரின் ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் வசத்தில் இல்லாத நெருக்கடிக்கு உள்ளாகும்போது மூளையில் பெருகும் ரசாயனங்கள், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலையை, அதாவது நிதானித்தல், மாற்று வழிகளை மனத்தில் ஒருசேர நிறுத்தி ஒப்பிடுதல், முதல் எண்ணத்தை அடக்குதல் ஆகியவற்றை நலிவுறச் செய்கின்றன என்பது அவற்றின் சாரம்.

காம்ப் டேவிட் விருந்தினர் இருவரின் மண்டைக்குள்ளும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே அன்று அங்கே இன்ன நரம்பு இன்னது செய்தது என்று சொல்லத் துணிவது ஜோசியமாகும். எனினும், சமரசத்துக்கு மிகவும் வேண்டிய புத்தியின் அதே சக்திகள்தாம் கோபத்திலும் பயத்திலும் முதலில் ஒடுங்குகின்றன என்ற பொதுவிதி, மத்தியஸ்தத்துக்குப் பெரிய பொருளுடையது. எதிராளியின் முகத்தைக் கண்டவுடன் கொதிக்கிற ஒருவரிடம் எவ்வளவு சிறந்த நியாயத்தை எடுத்துரைத்தாலும், அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய உறுப்பு அப்போது கடை திறந்திருப்பதில்லை. மத்தியஸ்தர்கள் இரு தரப்பாரையும் தனித்தனி அறைகளில் வைத்துப் பேசும் தனி அமர்வு முறை, கோழைத்தனமான தப்பித்தலன்று; கேட்கும் நிலைக்கு மனத்தைக் கொண்டுவரும் ஏற்பாடு.

யார் கையிலிருந்து வந்தது?

கார்ட்டரின் குழு கையாண்ட இரண்டாவது உபாயம், ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ரோஜர் ஃபிஷர் வலியுறுத்திவந்த ஒற்றை வரைவு முறை. வாதியின் பத்திரம் ஒன்று, பிரதிவாதியின் பத்திரம் ஒன்று என்று இரண்டை எதிரெதிரே வைத்து இழுபறி நடத்தாமல், நடுவர் தாமே ஒரு வரைவை எழுதி, இது யாருடைய யோசனையும் அன்று, இதில் எங்கே குறை என்று மட்டும் சொல்லுங்கள் என்று இரு தரப்பிடமும் மாறி மாறிக் காட்டித் திருத்திக்கொண்டே போவது அது. 13 நாட்களில் 23 வரைவுகள் எழுதப்பட்டன. யாரும் எதையும் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்படவில்லை. குறை சொல்லும்படி மட்டுமே கேட்கப்பட்டார்கள். குறை சொல்வது மனிதர்களுக்கு எவ்வளவு சுலபம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இதன் சூட்சுமத்தைப் பிற்காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து லீ ராஸும் அவருடைய சகாக்களும் சோதனையால் விளக்கினார்கள். ஒரு யோசனையின் மதிப்பு, அதன் உள்ளடக்கத்தைப் பொறுத்திருப்பதைக் காட்டிலும், அது யாரிடமிருந்து வந்தது என்பதைப் பொறுத்திருக்கிறது; எதிரி நீட்டினான் என்ற ஒரே காரணத்தால் நல்ல யோசனையும் விலை குறைந்துவிடுகிறது. இஃபாத் மாவோஸ் முதலியோர் ராஸுடன் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், இஸ்ரேலிய அரசே உண்மையில் முன்வைத்த சமாதானத் திட்டத்தை, இது பாலஸ்தீனியர்களின் திட்டம் என்று பெயர் மாற்றி இஸ்ரேலிய யூதர்களிடம் காட்டியபோது, அவர்கள் அதைத் தங்களுக்குப் பாதகமானது என்று தாழ்வாக மதிப்பிட்டார்கள். தம் அரசாங்கத்தின் சொந்த வாசகங்களே எதிரியின் பெயரைத் தாங்கியவுடன் கசந்துபோயின! சொத்து விவகாரங்களில் அனுபவமுள்ள வக்கீல்கள், தம் கட்சிக்காரரின் யோசனையை எதிர்க்கட்சியிடம் நேரே சொல்லாமல் மத்தியஸ்தரின் வாயால் சொல்லச் செய்வதன் ரகசியம் இதுவே.

நஷ்டத்தின் எடை

1979 மார்ச் 26-ஆம் தேதி வாஷிங்டனில் எகிப்து–இஸ்ரேல் உடன்படிக்கை கையெழுத்தான அதே மாதத்தில், பொருளாதார சாஸ்திரத்தின் பெயர்பெற்ற சஞ்சிகையான எகானமெட்ரிகாவில், டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு இஸ்ரேலிய மனோதத்துவ அறிஞர்கள் எழுதிய ஆய்வுரை ஒன்று வெளியாயிற்று என்பது விசித்திரமான ஒற்றுமை. மனிதன் தன் நிலையை ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கிறான். அப்புள்ளிக்கு மேலே கிடைக்கும் லாபத்தின் இன்பத்தைக் காட்டிலும், அதற்குக் கீழே நேரும் அதே அளவு நஷ்டத்தின் துன்பம் அவனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றுகிறது என்பது அவர்கள் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் மையக் கருத்து. பிற்காலத்தில், 2002-ல், கானமன் நோபல் பரிசு பெற்றதற்கு இது முக்கிய காரணம். ட்வெர்ஸ்கி அதற்குள் காலமாகிவிட்டார்.

இந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு, 1967 யுத்தத்தில் இஸ்ரேல் கைப்பற்றிய, சுமார் 60,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சினாய் தீபகற்பத்தைப் பார்த்தால், ஏன் இரு தரப்பும் மற்றவரைப் பேராசைக்காரர் என்று கருதினர் என்பது விளங்கிவிடும். சதாத்தின் தொடக்கப் புள்ளி 1967-க்கு முந்தியது. சினாய் முழுவதும் திரும்பி வந்தாலும் அது அவருக்கு லாபமன்று, திருடப்பட்ட பொருள் வீடு வந்து சேருவதே. பெகினின் தொடக்கப் புள்ளி 1978-ஆம் ஆண்டின் நிலைமை. அங்கே இருந்த விமானத் தளங்கள், எண்ணெய்க் கிணறுகள், யூதக் குடியிருப்புகள் ஆகியவற்றில் எதை விட்டாலும் அவருக்கு நஷ்டம். நூற்றுக்கு ஐம்பது என்று நடுவே கோடு போட்டிருந்தால் சதாத்துக்குப் பாதி நஷ்டம், பெகினுக்குப் பாதி நஷ்டம். இருவருக்கும் அந்த நஷ்டம் இரட்டிப்பாகவும் வலித்திருக்கும். ஆகவே பூமியைப் பங்கிடும் கணக்கே கைவிடப்பட்டது. எகிப்துக்கு வேண்டியது தன் கொடி பறக்கும் பூரண உரிமை, இஸ்ரேலுக்கு வேண்டியது தன் எல்லையோரத்தில் எகிப்தின் டாங்கிகள் நிற்காத பாதுகாப்பு என்று இரண்டையும் பிரித்துணர்ந்த பிறகு, முழுச் சினாயும் எகிப்துக்கு, அதன் பெரும்பகுதியில் படைகளுக்குக் கட்டுப்பாடு என்ற தீர்வு சாத்தியமாயிற்று.

யூதக் குடியிருப்புகளைக் கலைக்கும் விஷயத்தில் பெகின் உயிரை விட்டாலும் விடுவேன் என்ற தோரணையில் சபதம் செய்திருந்தவர். சபதம் செய்த மனிதன் இறங்கிவர ஒரு படிக்கட்டு வேண்டும். அவ்விஷயத்தை இஸ்ரேலிய நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புக்கு விட்டுவிடலாம் என்ற யோசனை அந்தப் படிக்கட்டாக உதவியது. குடியிருப்புகளை ஆதரித்தவர்களில் முதன்மையானவரான ஏரியல் ஷரோன் இஸ்ரேலிலிருந்து தொலைபேசியில் அழைத்து, அவற்றை அகற்ற ராணுவ ரீதியில் தமக்கு ஆட்சேபமில்லை என்று சொன்னதும் பெகினுக்கு ஆறுதலாயிற்று. 1978 செப்டம்பர் இறுதியில் நாடாளுமன்றம் 84-க்கு 19 என்ற வாக்கு வித்தியாசத்தில் சம்மதித்தது. 1982 ஏப்ரலில் இஸ்ரேலியப் படைகள் சினாயை விட்டு வெளியேறின.

ஆனால் அதற்கு முன்பே எல்லாம் கவிழவிருந்தது. காம்ப் டேவிட்டில் செப்டம்பர் 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சதாத் மூட்டை கட்டிவிட்டார். ஹெலிகாப்டர் வேண்டுமென்று கேட்டனுப்பினார். கார்ட்டர் உடை மாற்றி, கோட்டும் டையும் அணிந்துகொண்டு அவர் விடுதிக்குச் சென்றார். சதாத்தின் பயம் அற்பமானதன்று: இங்கே தாம் மனமுவந்து இறங்கிவந்த இடங்களையெல்லாம், உடன்பாடு முறிந்தாலும், நாளைக்கு இஸ்ரேல் தன் பேரத்தின் ஆரம்பமாக வைத்துக்கொண்டு மேலும் கேட்கும் என்பது. எந்தப் பகுதியை எவர் நிராகரித்தாலும் இங்கே பேசப்பட்ட எதுவும் எவரையும் கட்டுப்படுத்தாது என்று கார்ட்டர் உறுதியளித்த பிறகே அவர் மனம் மாறினார். நட்பு முறியும் என்று கார்ட்டர் எச்சரித்ததும் உண்மை. ஆயினும் பயத்துக்கு மருந்து எச்சரிக்கையன்று, பயப்பட்ட காரியம் நடக்காது என்ற உறுதியே. மத்தியஸ்த அறையில் பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொண்டுவரக்கூடாது என்று பல நாட்டுச் சட்டங்கள் விதிப்பதற்குப் பின்னால் இருப்பது இதே மனோதத்துவம்தான்.

அவமானத்தின் விலை

நஷ்டத்தைவிடவும் கூர்மையானது அவமானம். ஜெர்மன் பொருளாதார நிபுணர் வெர்னர் கூத்தும் சகாக்களும் 1982-ல் வெளியிட்ட ஒரு விளையாட்டுச் சோதனை இதற்குப் பிரசித்தமானது. ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அதை முன்பின் தெரியாத இன்னொருவருடன் பங்கிடச் சொல்கிறார்கள். மற்றவர் சம்மதித்தால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்குப் பார்ப்பவன் ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் அவ்வாறு செய்வதில்லை. மிகக் குறைந்த பங்கைக் கண்டால், தமக்கும் கிடைக்காமற்போகும் என்று தெரிந்தே உதறிவிடுகிறார்கள். 2003-ல் ஆலன் சான்ஃபி முதலியோர், இந்த விளையாட்டை ஆடுவோரின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் நோக்கியபோது, அநியாயமான பங்கு நீட்டப்படும் சமயத்தில், அருவருப்பு, வலி முதலிய உணர்ச்சிகளுடன் சம்பந்தமுடைய இன்சுலா என்ற பகுதி அதிகமாகத் தூண்டப்பட்டதைக் கண்டார்கள். அதே அற்பத் தொகையை ஒரு கம்ப்யூட்டர் நீட்டியபோது, மறுத்தவர்கள் குறைவு. தொகை மாறவில்லை, மனிதக் கை நீட்டியதா இல்லையா என்பதே மாறியது.

பாகப்பிரிவினை வழக்குகளை நடத்தும் எந்த முன்சீப் கோர்ட்டு வக்கீலிடமும் கேட்டுப்பாருங்கள்: ஐந்து சென்ட் நிலத்துக்காக அதன் விலையைக் காட்டிலும் அதிகமாக ஸ்டாம்புக்கும் வாய்தாவுக்கும் செலவழிக்கும் அண்ணன் தம்பிகளை அவர் காட்டுவார். அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சிரிப்பது எளிது. அம்மாவின் காரியத்துக்குத் தன்னைக் கேட்காமல் தேதி குறித்தார்கள், கிரயப் பத்திரத்தைத் தன்னிடம் மறைத்தார்கள் என்பவைதாம் அந்த வழக்கின் உண்மையான பிராது. பிளெயிண்டில் அவற்றுக்கு இடமில்லாததால் ஐந்து சென்ட் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிராதைக் கேளாமல் நிலத்தை மட்டும் அளந்து கொடுக்கும் சமரசம், கையெழுத்தான பிறகும் அப்பீலுக்குப் போகிறது.

பணத்தால் அளக்கக்கூடாதவற்றைப் பணத்தால் அளப்பது இன்னும் விபரீதம். ஜெரமி கிஞ்ஜஸ், ஸ்காட் அட்ரன் முதலியோர் இஸ்ரேலியக் குடியேற்றக்காரரிடையேயும் பாலஸ்தீனியரிடையேயும் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புனிதம் என்று ஒருவர் கருதும் ஒன்றை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகப் பொருளுதவியைச் சேர்த்துச் சொன்னால், அவருடைய கோபம் தணிவதற்குப் பதிலாக அதிகமாவதையும், எதிர்த்தரப்பார் தமக்கு நஷ்டமான ஓர் ஒப்புதலையோ மன்னிப்பையோ சொல்லால் அளித்தால் எதிர்ப்பு இளகுவதையும் கண்டார்கள். ஜெருசலேம் விஷயத்தில் கார்ட்டர் விலை பேசவில்லை என்பதை இங்கே நினைவுகூரலாம். அவரவர் நிலையை அவரவர் கடிதத்தில் எழுதி உடன்பாட்டுடன் இணைத்துக்கொள்வதென்றும், யாரும் மற்றவருடைய கடிதத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாதென்றும் வழி செய்யப்பட்டது.

அப்படியும் கடைசி நாளான 17-ஆம் தேதி, அமெரிக்கத் தரப்பின் கடிதத்து வாசகத்தைக் கண்டு பெகின் புறப்படுவதாகச் சொல்லிவிட்டார். தம் பேரக்குழந்தைகளுக்கென்று மூன்று தலைவர்களும் சேர்ந்திருக்கும் புகைப்படங்களில் கார்ட்டரின் கையெழுத்தை அவர் கேட்டிருந்தார். கார்ட்டரின் காரியதரிசி சூசன் கிளஃப், இஸ்ரேலிலிருந்து குழந்தைகளின் பெயர்களை விசாரித்து வாங்கிக் கொடுக்க, கார்ட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயரை எழுதி எடுத்துச் சென்று பெகினின் கையில் கொடுத்தார். பெகின் அப்பெயர்களை உரக்கப் படிக்கையில் அவருடைய உதடுகள் துடித்தன, கண்கள் கலங்கின. சற்று நேரத்தில் அவர் இணங்கினார். இந்த நிகழ்ச்சியை மட்டும் சொல்லி, பார்த்தீர்களா உணர்ச்சியின் வெற்றியை என்று முடிப்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். கார்ட்டர் அன்று படங்களை மட்டும் கொண்டுபோகவில்லை. அமெரிக்காவின் கொள்கையை விவரித்து எழுதாமல், அதன் தூதர்கள் ஐக்கிய நாடுகள் சபையில் முன்னரே பேசியதைச் சுட்டுவதோடு நிற்கும்படி கடிதமும் மாற்றப்பட்டிருந்தது. சொல்லுக்குச் சொல் நிறுத்துப் பார்க்கும் அந்த மனிதருக்கு வாசகமும் மாற வேண்டியிருந்தது. மாறிய வாசகத்தைத் திறந்த மனத்துடன் படிக்கும் நிலையும் வர வேண்டியிருந்தது.

அறையில் இல்லாதவர்கள்

காம்ப் டேவிட் சமாதானத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. பாலஸ்தீனியர்களின் எதிர்காலத்தைப் பற்றி அங்கே நீண்ட பத்திரம் ஒன்று எழுதப்பட்டது. எழுதிய அறையில் பாலஸ்தீனியர் ஒருவரும் இல்லை. சினாய் பற்றிய பகுதி நிறைவேறி இன்றளவும் நிற்கிறது. மேற்குக் கரை, காஸா பற்றிய பகுதி ஏட்டோடு நின்றது. சதாத் 1981 அக்டோபர் 6-ஆம் தேதி ராணுவ அணிவகுப்பு மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பேசாதவனுக்காகப் பிறர் செய்யும் சமாதானம் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு எமில் ப்ரூனோவும் ரெபெக்கா சாக்ஸும் 2012-ல் வெளியிட்ட ஆராய்ச்சி கவனிக்கத்தக்கது. இஸ்ரேலியர்களையும் பாலஸ்தீனியர்களையும் இணைத்து, ஒருவர் தம் சமூகத்தின் கஷ்டத்தைச் சொல்ல மற்றவர் அதைக் கேட்டுத் தம் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லும்படி செய்தபோது, வலிமை குறைந்த தரப்பினரின் மனப்பான்மை எதிரியின் கஷ்டத்தைக் கேட்டதால் அதிகம் மாறவில்லை. தாம் சொல்லி, அது கேட்கப்பட்டது என்று அறிந்ததால் மாறிற்று. வலிய தரப்பினருக்கோ கேட்டதே பயன்பட்டது. இருவருக்கும் சமமான நேரம் கொடுத்துவிட்டால் நடுநிலை ஆகிவிட்டது என்று எண்ணும் மத்தியஸ்தர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். பகைமையின் மூளையை ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட ப்ரூனோ, 2020-ல் மூளைப் புற்றுநோயால் இறந்தார்.

கேட்டதைப் பெயரிட்டுச் சொல்வதிலும் பலன் உண்டு. கலிஃபோர்னியாவின் மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், கோபமோ பயமோ தோன்றும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்தது. உங்களுக்கு இதில் பணத்தைவிட அவமரியாதைதான் உறுத்துகிறது போலிருக்கிறது என்று மத்தியஸ்தர் ஒரு வாக்கியம் சொன்னவுடன், அதுவரை சீறிக்கொண்டிருந்தவர் நாற்காலியில் சாய்ந்து உட்காருவதை இது ஓரளவு விளக்குகிறது.

ஓரளவு என்றேன். மூளைப் படங்களைக் கண்டு மயங்குவோர் தொகை பெருகிவரும் இக்காலத்தில், கிரெய்க் பென்னட் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் செய்த குறும்பை நினைவில் வைப்பது நல்லது. செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை எம்.ஆர்.ஐ. கருவியில் கிடத்தி, மனிதர்களின் உணர்ச்சிகரமான படங்களைக் காட்டி, கணிதத் திருத்தங்களைச் செய்யாமல் கணக்கிட்டுப் பார்த்தால், அந்த மீனின் மூளையிலும் ஒரு பகுதி சிந்திப்பதாகப் படம் வந்தது! இஸ்ரேலில் சிறைக்கைதிகளின் பரோல் மனுக்கள் சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் அதிகமாக அனுமதிக்கப்பட்டன என்று 2011-ல் வந்து உலகெங்கும் பேசப்பட்ட ஆராய்ச்சியும், மனுக்கள் எந்த வரிசையில் வந்தன என்பதைக் கவனித்தவர்களின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அமிக்டலாவைப் பிரபலமாக்கிய லெடூவே, அதைப் பயத்தின் மையம் என்று அழைப்பது தவறான அர்த்தம் தருவது என்று பின்னாளில் எழுதினார். நான் அறிந்தவரையில் மத்தியஸ்தத்துக்கு அதிக உதவி செய்தவை மூளையின் வண்ணப்படங்கள் அல்ல. ராஸ், கானமன் போன்றோர் காகிதமும் பென்சிலும் கொண்டு செய்த பழைய மனோதத்துவச் சோதனைகளே.

நம் ஊர் மேசை

இவையெல்லாம் மேரிலாந்து மலைக்காட்டுச் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் நீதிமன்றத்துடன் இணைந்த முதல் மத்தியஸ்த மையம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதன் தோற்றத்துக்கு மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு ஆற்றிய தொண்டு பெரிது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு இதற்கு வழி வகுத்தது. அப்பிரிவு உள்ளிட்ட சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம் என்பதும், அந்த வழக்கின் தீர்ப்புகளே நாடெங்கும் மத்தியஸ்தத்துக்கு உரமிட்டன என்பதும் சட்ட சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. 2019-ல் அயோத்தி விவகாரத்தில் சமரசம் காண உச்ச நீதிமன்றம் நியமித்த மூவர் குழுவிலும் பஞ்சு இருந்தார். அது எல்லாத் தரப்பும் ஏற்கும் உடன்பாட்டில் முடியவில்லை, வழக்கு தீர்ப்பில்தான் முடிந்தது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மத்தியஸ்தச் சட்டம், அறையில் பேசியதற்கு ரகசியப் பாதுகாப்பு அளிக்கிறது. காரியத்தை 120 நாட்களில், வேண்டுமானால் மேலும் 60 நாட்களில் முடிக்கச் சொல்கிறது.

சட்டம் கொடுக்கும் நாட்கள் போதும். நாம் கொடுக்கும் மணிகள்தாம் போதவில்லை. நிலுவையைக் குறைக்கும் கருவியாக மட்டும் சமரச மையங்களைப் பார்க்கும் வரையில், ஒரே பிற்பகலில் நாலைந்து குடும்பங்களின் பத்தாண்டுக் கோபத்தைக் கேட்டு முடிக்கும்படி மத்தியஸ்தரை நெருக்கும் வரையில், தனி அமர்வுக்கு ஓர் அறைகூட இல்லாமல் வராந்தாவில் ரகசியம் பேசவைக்கும் வரையில், எத்தனை முடிந்தன என்ற எண்ணிக்கையால் அந்த மையங்களை மதிப்பிடும் வரையில், மேலே சொன்ன விஞ்ஞானம் அனைத்தும் பயிற்சி வகுப்பின் அலங்காரமாகவே இருக்கும். உயர் நீதிமன்றங்களும் மாநில அரசுகளும் இந்த மையங்களுக்கு அறைகளையும், மத்தியஸ்தர்களுக்கு நியாயமான ஊதியத்தையும், வழக்குக்கு வேண்டிய மணி நேரத்தையும் ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வழக்கு சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டால், வக்கீலை உடன் அழைத்துச் செல்லுங்கள், ஆனால் முதல் ஒரு மணி நேரம் நீங்களே பேசுங்கள். பிளெயிண்டில் எழுத இடமில்லாமல் விட்டுப்போன பிராதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பார் பேசும்போது குறுக்கிடாதீர்கள். நீங்கள் சொல்ல விரும்பும் யோசனையைத் தனி அமர்வில் மத்தியஸ்தரிடம் கொடுத்து, அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் அன்று கையெழுத்திட வேண்டாம். இன்னொரு தேதி கேளுங்கள், கொடுப்பார்கள்.